லைன் வரட்டும், வரிசை போக வேண்டாம்!

நடுவர் அவர்களே! ஆங்கிலச் சொல் கலந்தா தமிழுக்கு வளம்னு எதிரணி நண்பர் அடிச்சுச் சொன்னார். 'லைன்'னு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்குவோம்.

என் பேத்தியோட திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட் வாங்குற இடத்துல, "சார், லைன்ல வாங்க!" அது வரிசை. பிளாட்பாரத்துல ஒரு அம்மா, "லைன்ல இறங்காதடா!" அது தண்டவாளம். வீட்டுக்குப் போன் போட்டா, "லைன் சரியில்லீங்க!" அது இணைப்பு. பக்கத்துல ரெண்டு கல்லூரிப் பையன்கள் பேசிக்கிட்ட 'லைன்' ஒண்ணு இருக்கு. அதுக்கு நான் பொருள் சொல்லமாட்டேன். (சிரிப்பு)

அப்போ பேத்தி கேட்டா: "தாத்தா, வரிசைன்னா என்ன?" அய்யா, தமிழ் வாத்தியார் வீட்டுல அந்தக் கேள்வி! எனக்குச் சிரிப்பு வரலை.

விழுப்புரம் வந்தோம். அங்கேதான் திருச்சிக்கு ரெண்டு பாதை பிரியுது. கடலூர், மயிலாடுதுறை வழியா போறது பழைய மெயின் லைன். விருத்தாசலம் வழியா போறது, பின்னால வந்த கார்டு லைன். குறுக்குவழி கிடைச்சிடுச்சேன்னு பழைய பாதையைக் கைவிட்டாங்களா? இல்லையே! மயிலாடுதுறை வரைக்கும் அகலப்பாதையாக்கி 2010இல் திறந்தாங்க. (கைதட்டல்)

அதைத்தான் நானும் கேட்கிறேன். புதுப்பாதை போடுங்க, பழைய பாதையையும் அகலமாக்குங்க. 'லைன்' வரட்டும், வீட்டுக்குள்ள 'வரிசை'யும் இருக்கட்டும்.