ஒரு பயிற்சியாளர் போன பிறகு

(ஆனைமலையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



நான் அறிவியல் ஆசிரியை. கால்பந்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைக்கலாம். ஆஃப்சைடு விதியே எனக்குப் போன வருடம்தான் புரிந்தது. ஆனாலும் பேச ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் பள்ளியில் படித்த இரண்டு மாணவிகள் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தார்கள். கட்டணச் சலுகை கிடைத்ததால்தான் படிப்பே நடந்தது. ஒருத்தியின் அப்பா கொப்பரைக் களத்தில் வேலை செய்கிறார். இன்னொருத்தியின் அம்மா தென்னை நார் மில்லுக்குப் போகிறார். இருவரும் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அந்தக் கல்லூரியின் கால்பந்துப் பயிற்சியாளர் வேறு ஊரில் நிரந்தர வேலை கிடைத்துப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொகுப்பூதியத்தில் எத்தனை வருடம் ஒரு மனிதர் குடும்பம் நடத்துவார்?

கொப்பரைக் களத்து அப்பா என்னைத் தேடி வந்தார். "ஏனுங்க டீச்சர், சொல்லிக் குடுக்கற சாரே போயிட்டாருன்னா, புள்ள எதுக்குங்க இருட்டற வரைக்கும் அங்க நிக்கோணும்? நின்னாப் போதும்னு சொல்லிப்போடட்டுங்களா?" என்றார். ஆட்டம் நின்றால் சலுகை நிற்கும், சலுகை நின்றால் படிப்பு நிற்கும். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் கேட்க வந்திருக்கிறார்.

நான் கல்லூரிக்குப் போய் விசாரித்தேன். அங்குள்ள உடற்கல்வி இயக்குநர் கபடிக்காரர். "எனக்குக் கால்பந்து தெரியாதுங்க டீச்சர், மைதானத்தைத் திறந்து வைக்கத்தான் முடியும்" என்று மறைக்காமல் சொன்னார். புதிய ஆளுக்கு விளம்பரம் கொடுத்திருந்தார்கள். கோவையில் தனியார் பயிற்சி மையத்தில் வேலை செய்யும் ஒருவர் வந்து, பத்து மாத ஒப்பந்தம் என்றதும் திரும்பிப் போய்விட்டார். பாட்டியாலாவில் டிப்ளமோ முடித்த இன்னொருவர் போனிலேயே சம்பளத்தைக் கேட்டார். அதோடு சரி.

இந்தப் பக்கம் நல்ல பயிற்சியாளர் வரவே மாட்டாரா? வீட்டுக்கு வந்து யோசித்தேன். யோசிக்கும்போது ஞாபகத்துக்கு வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஐதராபாத் சையது அப்துல் ரஹீம். 2024-ல் வந்த 'மைதான்' படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். இந்திய அணி 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது இவர் பயிற்சியில்தான். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்ற அடுத்த ஆண்டே, 1963 ஜூனில், புற்றுநோயால் இறந்துபோனார்.

அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். கிடைத்தார். இங்கிலாந்துக்காரரான ஹாரி ரைட் பயிற்சி கொடுத்த அணி 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்தக் கோப்பையில் இன்றுவரை நமக்கு அதுதான் உச்சம். பிறகு 1970 பாங்காக்கில் ஒரு வெண்கலம். அதற்கப்புறம் ஆசிய விளையாட்டில் கால்பந்துப் பதக்கமே இல்லை. 1960-க்குப் பிறகு ஒலிம்பிக்குக்கும் நம் அணி தகுதி பெறவில்லை.

ரஹீம் அணிக்கு மட்டும் பயிற்சி கொடுத்தவர் அல்ல. எந்தக் காலில் பலம் குறைவோ அந்தக் காலால் மட்டும் ஆட வேண்டும் என்று சிறுவர்களுக்குப் போட்டி வைத்தவர். வலது கால் பழக்கம் உள்ளவன் இடது காலால்தான் பந்தைத் தொடலாம். நம் வகுப்பில் கையெழுத்து சரியில்லாத பையனை மட்டும் கரும்பலகையில் எழுதச் சொல்கிறோமே, அதுபோல. இது வாத்தியார் புத்தி. ரைட் வந்தபோது ரஹீம் வளர்த்த ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அடுத்த வரிசைப் பையன்களுக்கு இப்படிப் போட்டி வைக்க ஆள் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். வேறு காரணங்களும் இருக்கலாம். கால்பந்து தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நல்லவர்கள் வெளியூர் போக மாட்டார்கள் என்பதும் சரியில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய நம் தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தரராஜ், கேரள அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். 1973-ல் கேரளம் முதன்முதலாக சந்தோஷ் கோப்பையை வென்றது அவர் இருக்கும்போதுதான். அங்கே பிரீமியர் டயர்ஸ், டைட்டானியம் என்று கம்பெனி அணிகளில் ஆட்கள் தயாராக இருந்தார்கள். வேலை செய்ய ஏதாவது இருக்கும் இடத்துக்குத்தான் வேலை தெரிந்தவர் வருவார்.

கல்லூரி முதல்வரைப் பெற்றோருடன் பார்த்தோம். பத்து மாதத்தைப் பன்னிரண்டு மாதமாக்க நிர்வாகத்திடம் கேட்பதாகச் சொன்னார். சம்பளத்தில் அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது போல.

பழைய பயிற்சியாளர் போனபோது அவரோடு என்னவெல்லாம் போனது என்று பெண்களிடம் கேட்டேன். அடுக்கிக்கொண்டே போனார்கள். யாருக்குக் கணுக்கால் பிசகியிருக்கிறது, யார் காலையில் சாப்பிடாமல் வருவாள், யார் வீட்டில் ஆறு மணிக்கு மேல் விடமாட்டார்கள், எந்த ஊருக்கு எந்த பஸ், எல்லாம் அவர் தலைக்குள்ளும் போனுக்குள்ளும்தான் இருந்திருக்கிறது. ஒரு வரி எழுதி வைக்கவில்லை. நாமும் அப்படித்தானே! மாறுதல் கலந்தாய்வில் ஆணை வாங்கினால் பொறுப்பு ஒப்படைப்பில் பீரோ சாவியும் பதிவேடும் கொடுப்போம். எந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லை என்பதை அடுத்து வருபவருக்குச் சொல்வோமா?

ஒரு எண்பது பக்க நோட்டைக் கொடுத்து, தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். இயக்குநர் மைதானத்தைத் திறந்துவிட, அவர்களே தினமும் நாலரை மணிக்குப் பயிற்சியும் நடத்தினார்கள். ஜூனியர் பெண்களுக்கு அந்த அம்மணிகள் போட்ட சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும்!

மூன்றாவதாக ஒருவர் போன மாதம் வந்தார். அரை மணி நேரம் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். நோட்டைக் கொடுத்தார்கள். நின்றபடியே பத்துப் பக்கம் படித்திருக்கிறார். சம்பளத்தைக் கடைசியில்தான் கேட்டார். முதலில் கேட்டது, "இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் ஆறாவது, ஏழாவது பெண் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்களா? மூன்று வருடம் கழித்து எனக்கு யார் வருவார்கள்?" இயக்குநர் என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் இல்லை. எங்கள் பள்ளியில் உடற்கல்விப் பாடவேளையை அறிவியல் பாடத்துக்கு எடுத்துக்கொள்வது நான்தான்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. நோட்டைப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்பதை ஒரு நம்பிக்கையாக வைத்திருக்கிறோம்.

பாடவேளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு எங்கள் பள்ளி மைதானத்தில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பெண் பிள்ளைகளுக்கு ஆட்டம் வைத்திருக்கிறோம். கல்லூரிப் பெண்கள் இருவரும் வந்து நடத்துகிறார்கள். ரஹீம் சார் முறையில் பழக்கமில்லாத காலால்தான் ஆட வேண்டும். உங்கள் பள்ளியிலிருந்து ஐந்து பேரையாவது அழைத்து வாருங்கள். எங்களிடம் பந்து இரண்டுதான் இருக்கிறது. உங்களிடம் இருந்தால் காற்றடித்து ஒன்று எடுத்து வாருங்கள்.