டாவோஸ் மேசையும் நம் ஊர் மகமையும்

(விருதுநகரில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில நாட்களுக்கு முன் பஜாரில் ஒரு தம்பி தன் செல்போனை என்னிடம் நீட்டினார். "உலகப் பொருளாதார மன்றம் என்று ஒன்று இருக்கிறதாம். உலகத்தையே அதுதான் ஆள்கிறதாம். நம் சரவெடிக்குத் தடை வந்ததுகூட அங்கே போட்ட திட்டம்தானாம். உண்மையா அண்ணே?" என்று கேட்டார். சிவகாசியில் பட்டாசு வாங்கி வெளியூருக்கு அனுப்பும் குடும்பத்துப் பிள்ளை அவர். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அந்த மன்றம் அரசாங்கமும் அல்ல, ஐ.நா. சபையின் கிளையும் அல்ல. கிளாஸ் ஷ்வாப் என்ற பேராசிரியர் 1971-ல் 'ஐரோப்பிய நிர்வாக மன்றம்' என்ற பெயரில் அதைத் தொடங்கினார். 1987-ல் இன்றைய பெயர் வந்தது. தலைமையகம் ஜெனீவா அருகே. ஆண்டுக் கூட்டம் நடப்பதோ டாவோஸ் என்ற மலையூரில். அரசும் தனியாரும் ஒத்துழைப்பதற்கான சர்வதேச நிறுவனம் என்று 2015-ல் சுவிஸ் அரசு அதற்கு அங்கீகாரம் தந்தது.

யார் நடத்துகிறார்கள்? மேலே அறங்காவலர் குழு. முகேஷ் அம்பானி, ஜோர்டான் அரசி ரானியா போன்றோர் அதில் இடம்பெற்றவர்கள். அதன் கீழே அன்றாட வேலைகளைப் பார்க்கும் நிர்வாகக் குழு. அரை நூற்றாண்டு கோலோச்சிய ஷ்வாப் 2025 ஏப்ரலில் விலகினார். அவர் மீது எழுந்த புகார்களை அறங்காவலர்கள் விசாரித்தார்கள். பெரிய முறைகேடு எதற்கும் ஆதாரமில்லை என்று ஆகஸ்டில் அறிவித்தார்கள். கையோடு பிளாக்ராக் என்ற மாபெரும் முதலீட்டு நிறுவனத்தின் லாரி ஃபிங்க்கையும், ரோஷ் மருந்து நிறுவனத்தின் ஆந்த்ரே ஹாஃப்மனையும் இடைக்காலத் தலைவர்களாக அமர்த்தினார்கள். பணம் பெரும்பாலும் உறுப்பினர்களான ஆயிரம் பெரிய நிறுவனங்களின் சந்தாவிலிருந்து வருகிறது. பிரதமர்கள் விருந்தாளிகள். செலவுக்குக் கொடுப்பவர்கள் முதலாளிகள். யார் பேச்சு அங்கே எடுபடும் என்று வியாபாரிகளாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இந்த ஊரில் மகமை இருந்தது. ஒரு மூட்டை விற்றவர் ஒரு மூட்டைக்குரியதையும், நூறு மூட்டை விற்றவர் நூறுக்குரியதையும் பொதுவில் போட்டார்கள். நாடார் பெருமக்கள் அந்தக் காசில் பள்ளிக்கூடமே எழுப்பினார்கள். சிறு கடைக்காரரின் பங்கும் அதில் இருந்தது. டாவோஸ் சந்தாவில் அவருக்கு இடமே இல்லை. வித்தியாசம் அங்கேதான்.

ஆனால் அங்கே சட்டம் போட முடியாது. தீர்மானம் எதுவும் நாடுகளைக் கட்டுப்படுத்தாது. அழைப்பதும், எதைப் பேசுவது என்று வகுப்பதும்தான் அதன் பலம். நரசிம்மராவ் 1992-ல் போனார். மோடி 2018-ல் போனார். முதலீடு தேடித்தான் போனார்கள். 2009 ஜனவரியில் காஸா பற்றிய விவாதத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஷிமோன் பெரஸுக்கு அதிக நேரம் தந்துவிட்டுத் தமக்குக் குறைத்தார்கள் என்று அன்றைய துருக்கிப் பிரதமர் எர்துவான் மேடையை விட்டே இறங்கிப் போனார். ஒரு நாட்டின் பிரதமருக்கே அங்கே கடிகாரம் பார்த்துத்தான் பேச்சு!

நல்லதே நடக்கவில்லையா? நடந்திருக்கிறது, மறைக்கக்கூடாது. கேவி என்ற தடுப்பூசிக் கூட்டணி 2000-ல் டாவோஸில்தான் அறிவிக்கப்பட்டது. அதன் உதவியோடு ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசி அது.

சரவெடிக்கு வருவோம். அதைத் தடுத்தது டாவோஸ் அல்ல. டெல்லியில் குழந்தைகளின் பெயரால் 2015-ல் தொடுக்கப்பட்ட வழக்கில், 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது, பசுமைப் பட்டாசு மட்டுமே என்றது. 2021 அக்டோபரில் அதையே மீண்டும் வலியுறுத்தியது. பசுமைப் பட்டாசுக்கான கலவையை உருவாக்கியது நாக்பூரில் உள்ள நீரி என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம். அதனோடு ஒப்பந்தம் போட்ட ஆலைகளுக்குத்தான் அந்தக் கலவை முறை கிடைத்தது. இதுவும் அரசும் தனியாரும் சேர்ந்த மேசைதான் சகோதரர்களே! டாவோஸில் இல்லை, நம் தொழிலுக்குள்ளேயே கிடக்கிறது.

அந்த மேசையில் பட்டாசு உற்பத்தியாளர் சங்கம் இருந்தது. பெரிய ஆலைகளுக்குப் படித்த ஆட்கள் உண்டு, வக்கீல் உண்டு. தீபாவளிக்குத் தற்காலிக உரிமம் வாங்கிப் பத்து நாள் கடை போடும் நம் பையன், முன்பணம் கொடுத்து ஆர்டர் போட்டு, பழைய சரக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கும் சிறு வியாபாரி, திரி அடுக்கும் தொழிலாளிப் பெண், இவர்களுக்காகப் பேச அங்கே யார் இருந்தார்கள்? சுவிஸ் மலையில் சதி தேடுகிற நேரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இரண்டு பருவத்துச் சரக்காவது மிஞ்சியிருக்கும்.

அந்தத் தம்பியிடம், "உங்கள் வியாபாரிகள் சங்கக் கூட்டம் எப்போது?" என்று கேட்டேன். "அத்தாதான் சந்தா கட்டுகிறார், நாங்கள் யாரும் போனதில்லை" என்றார்.