அரசுப் பள்ளிக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

(கொடைக்கானலில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை குருவானவர் ஆற்றிய உரை)



மழையையும் மூடுபனியையும் பாராமல் மலையேறி வந்திருக்கிறீர்கள். வத்தலக்குண்டு சாலையில் வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி வந்தவர்களும் உண்டென்று கேள்விப்பட்டோம். அதற்காகத் தனியாக நன்றி சொல்லுகிறோம்.

வழக்கமாக இந்தக் கூடுகையில் படுக்கைகளைப் பற்றியும், மருந்துச் செலவைப் பற்றியும், ஏழை நோயாளிகளின் நிதியைப் பற்றியும் பேசுவோம். இம்முறை பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். அதற்குக் காரணம் உங்களில் ஒருவர் எழுதிய கடிதம். "நாங்கள் அரசாங்கத்துக்கு வரி கட்டுகிறோம். அந்த வரியில்தான் அரசுப் பள்ளி நடக்கிறது. ஆலயத்தில் காணிக்கை போடுகிற கையால் அரசுப் பள்ளிக்கும் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று அவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் கூட.

மருத்துவமனையில் நாங்கள் காண்பதிலிருந்து தொடங்குகிறோம். மேல்மலைக் கிராமங்களிலிருந்து பத்து, பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள் அடிவயிற்று வலியோடும், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோடும் வருகிறார்கள். மருத்துவர் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். காலையில் வீட்டைவிட்டுப் புறப்படும்போது தண்ணீர் குடிக்கிறதில்லை, பள்ளியிலும் குடிக்கிறதில்லை, மாலை வீடு திரும்பும்வரை அடக்கிக் கொள்ளுகிறார்கள். ஏனென்றால் பள்ளிக் கழிப்பறையில் கதவு இல்லை, அல்லது கதவு இருந்து தண்ணீர் இல்லை. ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம். பிள்ளை குணமாகி அதே பள்ளிக்குத் திரும்பிப் போகிறது. கதவுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மருந்துச் சீட்டு எழுத எங்கள் மருத்துவருக்கு அதிகாரமில்லை!

அரசாங்கம் பணம் கொடுக்கவில்லையா? கொடுக்கிறது. ஆசிரியர் சம்பளம், பாடநூல், சீருடை, சத்துணவு எல்லாம் அரசின் செலவுதான். இதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் சுண்ணாம்பு அடிக்க, உடைந்த ஓட்டை மாற்ற, கழிப்பறையைச் சுத்தம் செய்ய, சாக்பீஸ் வாங்க என்று பள்ளியின் கையில் வருவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வருடாந்தரப் பள்ளி மானியம். அதன் கணக்கு பிள்ளைகளின் தலையெண்ணிக்கைக் கணக்கு. முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.10,000, நூறு வரை ரூ.25,000, 250 வரை ரூ.50,000, ஆயிரம் வரை ரூ.75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். சமவெளியில் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். எங்கள் மலையில் பொருந்தாது. இங்கே குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. பளியர் குடியிருப்பு ஒன்றின் பள்ளியில் இருபது பிள்ளைகள் இருந்தாலே நிறைவு என்று சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிக்கும் கூரை ஒன்றுதான், கழிப்பறை ஒன்றுதான். மழை மட்டும் சமவெளியைவிட அதிகம்.

சிமெண்ட் மூட்டை ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். வத்தலக்குண்டுவில் ஒரு விலை. கொடைக்கானலுக்கு லாரியில் வந்து சேரும்போது வேறு விலை. மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று போகும்போது அதன்மேல் இன்னொரு வாடகை. சாலை முடிந்த பிறகு ஜீப். ஜீப்பும் போகாத இடத்துக்குத் தலைச்சுமை அல்லது குதிரை. வெள்ளகவி போன்ற ஊருக்குத் தலைமுறை தலைமுறையாக எல்லாச் சாமான்களும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. பத்தாயிரம் ரூபாயில் எத்தனை மூட்டை சிமெண்ட் மேலே போய்ச் சேரும் என்பதை உங்களில் கட்டட வேலை தெரிந்தவர்கள் எங்களைவிட நன்றாகச் சொல்லுவீர்கள்.

அந்த மானியமும் எல்லா ஆண்டும் தடையின்றி வருவதில்லை. இத்திட்டத்தின் செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்து கொள்ளுகின்றன. 2024-25ஆம் ஆண்டில் இரண்டு அரசுகளுக்கும் இடையே எழுந்த கொள்கைப் பிணக்கினால் ஒன்றிய அரசின் பங்காகிய ரூ.2,152 கோடி தமிழ்நாட்டுக்கு வந்து சேரவில்லை. 2025 மே மாதத்தில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. யார் பக்கம் நியாயம் என்பது இந்த மேடைக்கு உரிய காரியமல்ல. யானைகள் மோதிக் கொண்டால் மிதிபடுவது எது என்று உங்களுக்குத் தெரியும்.

பள்ளிக்குப் பொதுமக்கள் கொடுப்பது நம் நாட்டில் புதிய பழக்கமல்ல. இந்த மலைக்கும் அதில் ஒரு கதை உண்டு. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் மதுரையில் ஊழியத்தைத் தொடங்கியது. அதன் மிஷனெரிகள் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கென்று 1901இல் அவர்கள் இங்கே தொடங்கிய பள்ளிதான் இன்றைக்குக் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. சமவெளியிலும் கிராமம் கிராமமாக மிஷன் பள்ளிகள் எழும்பின. 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பிறகு, அரசாங்கம் அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு உதவி மானியம் கொடுக்கத் தொடங்கியது. அதாவது, திருச்சபை பள்ளியை நடத்தும். சர்க்கார் மானியம் கொடுக்கும். இப்போது நாங்கள் உங்கள்முன் வைப்பது அதற்கு நேர் தலைகீழ்: பள்ளியைச் சர்க்கார் நடத்துகிறது, மானியத்துக்கு ஒரு பங்கு நாம் கொடுக்கிறோம். நம் முன்னோர் வாங்கின கை. நாம் திருப்பிக் கொடுப்பதில் குறைவொன்றும் இல்லை.

காமராஜர் காலத்தையும் நினைவுகூர வேண்டும். 1956இல் மதிய உணவு தொடங்கியபோது அது ஊர்மக்களின் அரிசியிலும் பருப்பிலும்தான் தொடங்கியது. கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு, 1958இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாட்டைக் கூட்டினார். பிறகு அது மாநிலம் முழுவதும் பரவியது. ஊரார் கரும்பலகை, கடிகாரம், பெஞ்சு, குடிநீர்ப் பானை, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்களில் வயதில் மூத்தவர்கள் அப்படி வந்த பெஞ்சுகளில் உட்கார்ந்து படித்தவர்கள். கொடுத்தவர் பெயர் முதுகுப்புறம் பெயிண்டில் எழுதியிருக்கும். இன்றைக்கும் சில ஊர்களில் தாம்பாளத் தட்டில் நோட்டுப் புத்தகமும் நாற்காலியும் பீரோவுமாகக் 'கல்விச் சீர்' கொண்டுபோகிறார்கள், மேளதாளத்தோடு.

இந்தப் பழைய வழக்கத்துக்கு ஒழுங்கான ஓர் அமைப்பைக் கொடுக்கவே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஏற்பட்டது. முதலமைச்சராக மு.க.ஸ்டாலின் 2022 டிசம்பர் 19 அன்று அதைத் தொடங்கி வைத்து, தம் சொந்தப் பணத்திலிருந்து ரூ.5 லட்சம் கொடுத்தார். டி.வி.எஸ். நிறுவனத்தின் வேணு சீனிவாசன் தலைவர். சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் நல்லெண்ணத் தூதுவர். தமிழ்நாட்டின் 37,000-க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கும் இது பொது.

நடைமுறை இப்படி: பள்ளி தன் தேவையைப் பதிவு செய்கிறது. கொடுக்க விரும்புகிறவர் மாவட்டம், ஒன்றியம், பள்ளி என்று தேடிப் பார்த்து, இந்தப் பள்ளிக்கு இந்தக் காரியம் என்று தெரிந்தெடுத்துக் கொடுக்கலாம். எந்தப் பள்ளிக்கென்று சொல்லாமல் பொதுவாகவும் கொடுக்கலாம். தனி மனிதர் கொடுக்கலாம், பழைய மாணவர் கொடுக்கலாம், கம்பெனிகளும் கொடுக்கலாம். பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்று ஆண்டுச் சராசரி இலாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் சொல்லுகிறது. அதற்கென்று உள்ள பட்டியலில் கல்வியும் உண்டு.

மிகப் பெரிதாகக் கொடுத்தவர்கள் எல்லாரும் கம்பெனிகள் அல்ல. மதுரை ஒத்தக்கடையை அடுத்த கொடிக்குளத்தில், வங்கி ஊழியரான ஆயி என்கிற பூரணம் அம்மாள், இறந்துபோன தம் மகள் ஜனனியின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதி வைத்தார். மதிப்பு சுமார் ரூ.7 கோடி. 2024 குடியரசு நாளில் அரசு அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது. தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கம் பண்ணியிருக்கிறோம். இந்தச் செய்தியை வாசித்த நாளில் மதுரைப் பக்கமே அதற்கு ஒரு சாட்சி இருப்பதைக் கண்டோம்.

இனி, எங்களை உறுத்துகிற காரியத்துக்கு வருகிறோம். கொடுப்பவர் பள்ளியைத் தெரிந்தெடுக்கலாம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. மனிதன் தனக்குத் தெரிந்த பள்ளிக்குத்தான் கொடுப்பான். சென்னையிலோ வெளிநாட்டிலோ நல்ல வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள் உள்ள பள்ளிக்குப் பணம் போகும். கம்பெனி தன் தொழிற்சாலைக்குப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுக்கும். எங்கள் மேல்மலைப் பள்ளியின் பழைய மாணவர் யார்? பூண்டுக் காட்டிலும் காப்பித் தோட்டத்திலும் கூலி வேலை செய்கிறவர்கள். இங்கே தொழிற்சாலையும் இல்லை. ஆகவே, ஏற்கெனவே கொஞ்சம் உள்ளவனுக்கு இன்னும் கொஞ்சம் சேரும். பட்டியலில் எங்கள் பள்ளியின் பெயரும் இருக்கும். அதைத் தேடித் தொடுகிற விரல்தான் இருக்காது.

இன்னொரு பயமும் மக்களிடம் உண்டு. 2025 தொடக்கத்தில், 500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் 'தத்தெடுக்கப்' போகின்றன என்று செய்தி பரவி, பெரிய எதிர்ப்பு எழுந்தது. பள்ளிக்கல்வி அமைச்சராக அன்பில் மகேஸ் பொய்யாமொழி அதை மறுத்து, இது உதவி மாத்திரமே, பள்ளிகளை யாருக்கும் தாரை வார்க்கவில்லை என்றார். ஆனாலும் அந்தப் பயத்தை அலட்சியம் பண்ணக் கூடாது என்பது எங்கள் எண்ணம். தர்மம் வரும் என்று தெரிந்தால் கொடுக்க வேண்டியவர் கையை இழுத்துக் கொள்ளுவதும் உண்டு. மருத்துவமனை நடத்துகிற எங்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஆகையால் கடிதம் எழுதிய சகோதரருக்கு எங்கள் பதில்: சம்பளத்துக்கும் வகுப்பறைக்கும் நம் காணிக்கை வேண்டாம், அவை வரிப்பணத்தின் கடமை, அதைக் கேட்டு வாங்க ஊராருக்கு உரிமை உண்டு. மலையின் தூரத்தாலும் தலையெண்ணிக்கைக் கணக்காலும் விழுகிற இடைவெளிக்கு மாத்திரம் கொடுப்போம். கதவு, தண்ணீர்த் தொட்டி, மழைத்தண்ணீர் ஒழுகாத கூரை, அவற்றைப் பழுது பார்க்க ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை. புதிதாகக் கட்டிப் படம் எடுத்துக் கொள்ள ஆட்கள் கிடைப்பார்கள். மூன்றாம் ஆண்டில் தாழ்ப்பாள் உடைந்தால் ஐநூறு ரூபாய் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது.

எது தேவை என்று நாம் தீர்மானிக்கவும் வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அந்தத் தாய்மார் கூடித் தீர்மானம் எழுதட்டும். ஒரு மலைக்கிராமத்தில் நாங்கள் கம்ப்யூட்டர் வேண்டுமா என்று கேட்டபோது, ஒரு தாய், "ஐயா, முதல்ல யானை வராம ஒரு வேலி போட்டுக் குடுங்க" என்றார். கம்ப்யூட்டர் பேச்சை அதோடு விட்டுவிட்டோம்.

நடைமுறைக் காரியங்கள் இரண்டொன்று. வெளிநாட்டு நண்பர்கள் மருத்துவமனைக்கு அனுப்பும் காணிக்கையை இதற்குத் திருப்ப முடியாது; வெளிநாட்டு நன்கொடையை ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதை 2020ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடை செய்துவிட்டது. உள்நாட்டுப் பணமும் எங்கள் மூலமாக வர வேண்டியதில்லை. அறக்கட்டளைக்கே நேரடியாகச் செலுத்துங்கள். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடையாது என்பதையும் மறவாதீர்கள். ஏழை நோயாளிகளின் நிதிக்குக் கொடுப்பதைக் குறைத்து இதற்குக் கொடுக்க வேண்டாம் என்று எங்கள் பொருளாளர் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டோம்.

சிற்றாலய வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மேல்மலைப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தாய்மார் எழுதிக் கொடுத்த தேவைகள் அங்கே இருக்கின்றன. தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள். எந்தப் பள்ளி எங்கே இருக்கிறது என்று காட்ட எங்கள் செவிலியர்களில் இருவர் அங்கே நிற்பார்கள். அவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள்தான்.