ஐந்து லிட்டர் தண்ணீர்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன வாரம் போன் செய்து, "சார், அந்தப் பாலைவன சைக்கிள் கதையையே பேசிடுங்க, எல்லாருக்கும் பிடிக்கும்" என்றார். உங்களில் பாதிப் பேர் அந்தக் கதையை என் வாயால் நாலைந்து தடவையாவது கேட்டிருப்பீர்கள். ஆனால் இன்றைக்கு அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

என்னோடு வந்தவன் ஹாஸ்டலில் என் அறைத்தோழன். பெயரைச் சொன்னால் எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கிவிடுவான். அதனால் ஹாஸ்டலில் கூப்பிட்டபடியே 'மாப்பிள்ளை' என்று சொல்கிறேன். மூன்றாவது வரிசையில், முழங்காலில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சிரிக்க வேண்டாம், என் முழங்காலும் அப்படித்தான் இருக்கிறது.

1992 பிப்ரவரி கடைசி வாரம். எனக்கு 28 வயது. வேலையில் சேர்ந்து நிரந்தரம் ஆகியிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா அதற்கு இரண்டு மாதம் முன்புதான் காலமாகியிருந்தார். ஊரில் அரிசிக் கடையை அவன் பொறுப்பேற்க வேண்டும். "கல்லாவுல உட்கார்ந்துட்டா அப்புறம் எழுந்திரிக்க முடியாதுடா, ஒரு தடவை எங்கயாச்சும் தூரமாப் போயிட்டு வந்துடலாம்" என்றான். தூரம் என்றால் எது என்று அட்லஸைப் பிரித்தோம். தார் பாலைவனத்தில் விரல் நின்றது.

இரண்டு சைக்கிளையும் பார்சல் வண்டியில் ஏற்றி, டில்லி வழியாக ஜோத்பூர் போய்ச் சேர்ந்தோம். இப்போது பிள்ளைகள் வைத்திருப்பது போல இருபத்தோரு கியர் வண்டி இல்லை. பால்காரர் ஓட்டுகிற அதே கறுப்பு வண்டிதான். பின் கேரியரில் ஒரு ஜமுக்காளம், இரண்டு கம்பளி. ஜோத்பூர், ஓசியான், பலோடி, ராம்தேவ்ரா, பொக்ரான், ஜெய்சால்மர். சுமார் 310 கிலோமீட்டர், ஐந்து நாள் திட்டம். திரும்பும் ரயிலுக்கு டிக்கெட் முன்பே எடுத்தாயிற்று. எனக்கு லீவும் அத்தோடு முடிகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலைவனம் என்றதும் சினிமாவில் வருகிற மணல்மேடுதான் நம் மனசில் இருக்கும். அங்கே போனால் பெரும்பாலும் புதர்க்காடு. எருக்கு இருக்கிறது, இலந்தை இருக்கிறது. முதல் நாள் ரோட்டோரம் ஒரு மரத்தைப் பார்த்து மாப்பிள்ளை பிரேக் பிடித்தான். "டேய், இது நம்ம வன்னி மரம்டா!" நம் தாவரவியல் பேராசிரியர் கோயில் பிராகாரத்தில் நிறுத்தி வைத்துப் பாடம் நடத்திய அதே புரோசாபிஸ் சினரேரியா. விருத்தாசலத்தில் தல விருட்சமாக நிற்கிற மரம், அங்கே ஊருக்கு ஊர் வயலில் நிற்கிறது. கேஜ்ரி என்கிறார்கள். தழை ஆட்டுக்கு, காய் சமையலுக்கு. ஜோத்பூருக்குப் பக்கத்தில் கேஜர்லி என்ற ஊரில், 1730-ல் அரசனின் ஆட்கள் இந்த மரத்தை வெட்ட வந்தபோது அமிர்தா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டார். அவரோடு சேர்த்து பிஷ்னோய் மக்கள் 363 பேர் மாண்டார்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு.

பலோடிக்குப் பக்கத்தில் கீசன் என்று ஒரு கிராமம். மங்கோலியா, மத்திய ஆசியப் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி ஆயிரக்கணக்கில் கொக்கு மாதிரியான பறவைகள் குளிர்காலத்துக்கு வருகின்றன. குர்ஜா என்பது உள்ளூர்ப் பெயர். ஊர்க்காரர்கள் வேலி போட்ட திடலில் அவற்றுக்குத் தானியம் இறைக்கிறார்கள். 2025 ஜூனில் அந்த இடம் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததைப் பேப்பரில் படித்தபோது, மாப்பிள்ளை அங்கே இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம் வந்தது. நான் அந்த இரண்டு மணி நேரமும் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே பலோடியில்தான் 2016 மே 19 அன்று 51 டிகிரி வெயில் பதிவானது. நாங்கள் போனது அந்தக் காலம் இல்லை. ராத்திரி கம்பளி போதாமல் நடுங்கினோம். பகலில் முப்பது டிகிரியை ஒட்டி வரும். ஆனால் காற்று உலர்ந்த காற்று. வேர்ப்பது தெரியாது, வாய் ஒட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். வீட்டு முற்றங்களில் 'டாங்கா' என்று நிலத்தடித் தொட்டி கட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் தரையைச் சரிவாக மெழுகி, பெய்கிற கொஞ்ச மழையையும் அதில் இறக்கி, மூடிபோட்டு, வருஷம் முழுக்க அளந்து எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் கேட்டாலும் இல்லை என்று சொன்னவர் ஒருவர் இல்லை. கம்பு ரொட்டியும் மோரும் கொடுத்து அனுப்பினார்கள்.

இனி, திருத்தத்துக்கு வருகிறேன்.

1974 மே 18 அணுகுண்டுச் சோதனையால் உலகுக்கே தெரிந்த பொக்ரானிலிருந்து ஜெய்சால்மர் 110 கிலோமீட்டர். வழியில் லாட்டி, சாந்தன் என்று ஒன்றிரண்டு ஊர்தான். ஏற்கனவே ஒரு நாள் தாமதம். மாப்பிள்ளை ஒவ்வொரு ஆட்டிடையனோடும் கைஜாடையிலேயே கதை பேசினான். எனக்கு ரயில்தான் கண் முன்னால் நின்றது. காலை பத்து மணிக்குள் அவன் டயரில் இரண்டு பஞ்சர். நெருஞ்சி முள். இரண்டாவது ஒட்டுப் போட்டு முடித்ததும் நான் ஒரு வார்த்தை சொன்னேன்.

"உன்னைக் கூட்டிக்கிட்டு வந்ததே தப்பு. அரிசி அளந்துக்கிட்டு ஊர்லயே கிடந்திருக்கலாம் நீ."

அப்பாவைப் பறிகொடுத்து இரண்டு மாதம் ஆனவனிடம் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன். காற்று முதுகில் இருந்தது, வண்டி பறந்தது.

இதுவரை உங்களுக்கெல்லாம் நான் சொன்னது என்ன? 'மணற்காற்று அடித்தது, ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் பிரிந்துவிட்டோம்.' நம் மலரிலேயே ஒரு தடவை அப்படி எழுதியிருக்கிறேன். மணற்காற்று எதுவும் அடிக்கவில்லை. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

பதினைந்து கிலோமீட்டர் தாண்டி ஒரு டீக்கடை. உட்கார்ந்தேன். "வரட்டும், அவனுக்கும் கொஞ்சம் உறைக்கட்டும்" என்று இரண்டு டீ குடித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைக்காரர் என் கேரியரைப் பார்த்தார். எங்கள் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் அதில்தான் கட்டியிருந்தது. பம்ப்பும் பஞ்சர் டப்பாவும் என் பையில்தான். அவர் இந்தியில் கேட்டது ஒன்றே ஒன்று. "இரண்டு டம்ளர் தொங்குகிறதே, இன்னொருத்தர் எங்கே?"

அவ்வளவு நேரமும் அது எனக்குத் தோன்றவே இல்லை. அவனிடம் இருந்தது ஒரு சின்ன பாட்டில்.

திரும்பும்போது அதே காற்று மார்பில். பத்து கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம். ரோட்டில் யாரும் இல்லை. அவன் அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ரயில் ஞாபகமே இல்லை.

ஒரு வன்னி மர நிழலில் சைக்கிள் சாய்ந்திருந்தது. மூன்றாவது பஞ்சர். ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். பக்கத்தில் ஓர் ஆட்டிடையப் பெரியவர். அவருடைய கான்வாஸ் தண்ணீர்ப் பை தட்டையாகக் கிடந்தது. சாயங்காலம் வரைக்கும் அவருக்கென்று வைத்திருந்ததை இவனுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

நான் கேனை அவிழ்த்து மாப்பிள்ளையிடம் நீட்டினேன். வாங்கவில்லை. உதடு வெடித்திருந்தது.

"வந்துட்டியா? முதல்ல அவர் பையை நிரப்புடா" என்றான்.

நிரப்பினேன். கை நடுங்கிக் கொஞ்சம் மண்ணில் சிந்தியது. பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிதானமாக ஊற்ற வைத்தார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அன்று ராத்திரி லாட்டியில் தங்கினோம். மறுநாள் சாயங்கால வெயிலில் ஜெய்சால்மர் கோட்டை மஞ்சளாகத் தெரிந்தபோது, "நல்லா இருக்குல்ல?" என்றான். ரயிலைத் தவறவிட்டோம். அடுத்த ரயிலில் நின்றுகொண்டே வந்தோம். ஊருக்குப் போய் அரிசிக் கடையில் உட்கார்ந்தான். இன்றைக்கு அது மூன்று கடை.

மணற்காற்றுக் கதையை அவன் எதிரிலேயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட மறுத்ததில்லை. சிரித்துக்கொண்டு தலையாட்டுவான். போன மாதம் என் பேரனுக்குச் சொன்னேன். ஏழு வயசுப் பையன். கேட்டுவிட்டு, "காத்து அடிச்சப்போ தண்ணி கேன் யார்கிட்ட தாத்தா இருந்துச்சு?" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே சபையறியச் சொல்கிறேன். மாப்பிள்ளே, கேன் என்கிட்டதான் இருந்துச்சு. அன்னிக்குச் சொன்ன வார்த்தை தப்பு. மன்னிச்சுடு.

தலையாட்டுகிறான். அதே தலையாட்டல்தான்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். சைக்கிளில் தூரப் பயணம் போக நினைக்கும் இளைய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரை ஒருவரிடமே கட்டாதீர்கள், ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் டப்பாவும் பம்ப்பும் ஆளுக்கு ஒன்று. திரும்பும் டிக்கெட்டுக்கு இரண்டு நாள் கூடுதலாக லீவு போடுங்கள். சண்டை வரும், கட்டாயம் வரும். வந்தால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே நின்று சண்டை போடுங்கள்.