எந்த வருடத்துக் கார்?



இலக்கியத் தொடரில் ஒரு பழைய காரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சிரித்தார். "காருக்கும் இலக்கியத்துக்கும் என்ன மாஸ்ரர் தொடர்பு?" என்று கேட்டார். "கேட்டு முடிந்த பிறகு நீங்களே சொல்லுங்கள்" என்றேன். உங்களிடமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

2012ஆம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை. பாடசாலை விட்டு மானிப்பாய்க்குச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு பழைய இரும்புக் கடை. போர் முடிந்த பிறகு எங்கள் பகுதியில் இத்தகைய கடைகள் பல தோன்றியிருந்தன. உடைந்த நீரிறைக்கும் இயந்திரங்கள், கட்டில் சட்டங்கள், கேற்றுகள், தகரங்கள் எல்லாம் மலையாகக் குவிந்து கிடக்கும். வாரத்துக்கு ஒருமுறை லொறி வந்து தெற்கே ஏற்றிக்கொண்டு போகும். அன்று அந்தக் குவியலின் ஓரத்தில் ஒரு காரின் முகம் தெரிந்தது. சில்லுகள் இல்லை, இருக்கைகள் இல்லை. கூரையும் இல்லை. நான் சைக்கிளை நிறுத்தியது காருக்காக அல்ல. முன்கண்ணாடிச் சட்டத்தில் வரிசையாக ஒட்டியிருந்த ஆறு சிறிய பித்தளைக் கொளுக்கிகளைக் கண்டுதான்.

அவை பூமாலை கட்டும் கொளுக்கிகள். 1974ஆம் ஆண்டு என் அக்காவின் கலியாண ஊர்வலம் போனது இந்தக் காரில்தான். மருதடிப் பிள்ளையார் கோயிலடியிலிருந்து மேளம் முன்னே போக, பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் அக்காவும் அத்தானும் பின் இருக்கையில் அமர்ந்து வந்தார்கள். அந்தக் கொளுக்கிகளில் மாலை கட்டியவன் நான். அப்போது எனக்குப் பதினாறு வயது. எங்கள் பகுதியில் மூடிய கார்கள் எத்தனையோ இருந்தன. திறந்த கார் இது ஒன்றுதான் என் நினைவில் இருக்கிறது. கலியாண நாட்களில் அதற்கு ஓய்வு இராது.

கடைக்காரர் கிலோக் கணக்கில் விலை சொன்னார். சனிக்கிழமை லொறி வரும் என்றார். வெள்ளிக்கிழமையே கடன் வாங்கிக் காசைக் கட்டி, இரண்டு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேசாமை ஒரு கிழமை நீடித்தது.

கார் ஒரு மொறிஸ் மைனர். இளைய நேயர்களுக்காகச் சில தகவல்கள். இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இன்று துருக்கியில் இஸ்மிர் என்று வழங்கும் ஸ்மேர்னா நகரில் 1906இல் பிறந்தவர். 1922இல் போர் அந்த நகரைச் சூழ்ந்தபோது குடும்பத்தோடு இடம்பெயர்ந்து கப்பலேறியவர். மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதன் பொனற்றின் நடுவே ஒரு பட்டை சற்று மேடாக ஓடும். அதற்கு ஒரு கதை உண்டு. மாதிரிக் காரைப் பார்த்த இசிகோனிசுக்கு அது ஒடுக்கமாகப் பட்டது. நெடுக்கே இரண்டாக வெட்டச் சொல்லி, பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நான்கு அங்குல இடைவெளியில் மனம் நிறைந்தது. அந்த நான்கு அங்குலந்தான் பொனற்றின் நடுப்பட்டை. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மொறிஸ் மைனர் வெளிவந்தது. பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் இதுவே. தொடக்கம் முதல் 1969 வரை திறந்த வகையையும் அந்தத் தொழிற்சாலை செய்தது.

இந்தச் செய்தியைத் தொலைபேசியில் சொன்னவன் கனடாவில் இருக்கும் என் மருமகன், அக்காவின் மூத்த மகன். "மாமா, அது உண்மையான திறந்த மைனர் என்றால் அபூர்வம். செலவு முழுக்க நான் தாறன். தகட்டு இலக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லுங்கோ" என்றான். கறளைச் சுரண்டித் தகட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். உடல் வகையைக் குறிக்கும் எழுத்து ஒன்று அதில் உண்டு. இரண்டு நாள் கழித்து அவன் எடுத்தான். குரலில் உற்சாகம் இல்லை. "மாமா, இது தொழிற்சாலையிலை மூடிய காராத்தான் வந்திருக்கு. ஆரோ பிறகு கூரையை வெட்டியிருக்கினம். பெறுமதி இல்லை" என்றான்.

பெறுமதி இல்லாத காரை என்ன செய்வது? எங்களூரில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் தகட்டைப் பார்க்கவில்லை. ஜக்கை வைத்து ஒரு மூலையை உயர்த்தினார். கதவைத் திறந்தார், மூடினார். மறுபடியும் திறந்து மூடினார்.

"மாஸ்ரர், இந்தக் காருக்குக் கீழை தனிச் சட்டம் கிடையாது. உடம்புதான் எலும்பு. கூரையை எடுத்தால் நடு இறங்கும், கதவு இறுகும். வீட்டுக் கூரையைக் கழட்டினால் சுவர் பிளக்கிற மாதிரி. இவ்வளவு கறள் பிடிச்சும் இந்தக் கதவு பூட்டுப்படுகுது. உள்ளை ஏதோ இருக்கு."

கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயை ஒட்டித் தாங்கு கொடுத்துவிட்டு, கதவின் அடியில் நெடுக ஓடும் தகரப் பெட்டியை வெட்டித் திறந்தார். உள்ளே முன் சில்லடியிலிருந்து பின் சில்லடி வரை ஒரு கோண இரும்பு ஓடியது. சாண் தூரத்துக்கு ஓர் ஆணி அடித்து இறுக்கியிருந்தது. மறுபக்கமும் அப்படியே. பிறகு, கூரை வெட்டிய விளிம்பை விரலால் தடவிக் காட்டினார். தகரம் உள்ளே கம்பி வைத்து மடிக்கப்பட்டிருந்தது. வாளியின் வாய்க்கு எங்களூர்த் தகர வேலைக்காரர் செய்கிற அதே மடிப்பு.

"வெட்டினவன் சும்மா ஆளில்லை. மேலாலை எடுத்த பலத்தைக் கீழாலை குடுத்திருக்கிறான்" என்றார்.

தொழிற்சாலையும் திறந்த மைனருக்கு அடிப்பாகத்தில் கூடுதல் உறுதி கொடுத்துத்தான் செய்தது என்று பின்னர் அறிந்தேன். அந்தப் படங்கள் எதையும் பார்த்திராத ஒரு கைவினைஞர் அதையே தம் அறிவால் கண்டிருக்கிறார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியவில்லை. விசாரித்துப் பார்த்தேன். சொல்லக்கூடியவர்கள் இல்லை. கையெழுத்து இல்லாத ஏட்டுச் சுவடி போல, வேலை மட்டும் இருக்கிறது.

நேயர்களே, இந்தக் காரை நான் இன்னொரு முறையும் கண்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் கதை நகராது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடை. புதிய கார்கள் வீடுகளில் முடங்கின. பழைய மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் இயந்திரம் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வதால் அது இயன்றது. ஆனால் குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் பற்றாது. ஒரு சிறிய மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை வைத்துக்கொண்டு, காபரேற்றரின் வாயில் சில துளி விட்டு இயக்குவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகை தெரு முழுக்கச் சூழும். எரியாத மண்ணெண்ணெய் இயந்திர எண்ணெயோடு கலப்பதால் அதை அடிக்கடி மாற்றவும் வேண்டும்.

1991இல் ஒரு நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஓடிப்போய்க் கார்க்காரரை எழுப்பினேன். ஹூட் கிழிந்து போயிருந்ததால் மேலே ஒரு படங்கைக் கட்டியிருந்தார். போத்தலிலிருந்து துளிகளை எண்ணி விட்டார். மூன்றாம் தடவை இயந்திரம் பற்றியது. விளக்குப் போடாமல், நிலவு வெளிச்சத்தில், செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் இயங்கிய யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின் இருக்கையில் என் மடியில் தலை வைத்து அம்மா கிடந்தார். ஒன்பது நாள் இருந்து போய்விட்டார். அக்கா அப்போது கனடாவில். அவரால் வர முடியவில்லை. செய்தி போய்ச் சேரவே ஒரு மாதத்துக்கு மேலாயிற்று.

பின்னாளில் ஒன்றைப் படித்து வியந்தேன். அதே 1991இல் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர், தனபால சமரசேகர என்ற இலங்கையரோடு சேர்ந்து, மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கத் தொடங்கினாராம். தெற்கில் செய்த பாகங்கள் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போயின. ஓமந்தை கடந்து மானிப்பாய்க்கு வர வழியில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கம் நடந்தது. அந்த நெரிசலில் கார் போக முடியாதென்று கார்க்காரர் அதை மாமரத்தின் கீழ் விட்டுவிட்டுப் போனார். மறு ஆண்டு திரும்பி வந்தபோது சில்லுகளும் இருக்கைகளும் இல்லை. அவரும் காலமானார். அந்த வளவைத் துப்புரவாக்கியவர்கள் காரை இரும்புக்குக் கொடுத்தார்கள்.

இனி வேலைக்கு வருவோம். இறுகிப்போன இயந்திரத்துக்குள் மண்ணெண்ணெயை ஊற்றி ஒரு கிழமை ஊறவிட்டோம். எட்டாம் நாள் அசைந்தது. சில பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு மூன்று முறை போனேன். ஓட்டோக்களுக்கு ஹூட் தைப்பவர் ஒருவர் இதற்கும் அளவெடுத்துத் தைத்தார். இடையில் ஒருநாள் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"மாஸ்ரர், இதை எந்த வருசத்துக் காராய்க் கொண்டுவரோணும்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் பொனற்றைத் திறந்து காட்டினார். காபரேற்றருக்கு மேலே தகரத்தில் வளைத்துச் செய்த ஒரு சிறு வளையம். பெற்றோல் போத்தல் நின்ற இடம். பக்கத்தில் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் குழாய்த் திருகு.

"இதைக் கழட்டி ஓட்டையை அடைச்சால் கலியாணக் கார். விட்டால் மண்ணெண்ணெய்க் கார். உங்கடை மருமகன் சொல்லுறது வெள்ளைக்காரன் அனுப்பின கார்."

"கழட்டுங்கோ அண்ணை" என்றேன். எனக்கு வேண்டியது 1974. மாலையும் மேளமும் வெளிச்சமும். அந்த இரவை நான் ஏன் வைத்திருக்க வேண்டும்?

அவர் சாவியைக் கீழே வைத்தார். "அந்தக் காலத்திலை இப்பிடி எத்தினையோ காருக்கு வளையம் போட்டுக் குடுத்தனான். எல்லாம் இரும்புக்குப் போட்டுது. கழட்டிறது அஞ்சு நிமிச வேலை. ஒரு கிழமை யோசிச்சுச் சொல்லுங்கோ."

நான் யோசித்தேன். மருமகன் கேட்ட அசல் எது? நடுவில் வெட்டி அகட்டப்பட்டதுதானே அசலே. ஒருவர் அழகுக்காக வெட்டினார், ஒருவர் ஊர்வலத்துக்காக வெட்டினார், ஒருவர் உயிர் காக்க வளையம் ஒட்டினார். இதில் எந்தக் கையை அழிப்பது? பழைய பிரதி ஒன்றைப் பதிப்பிப்பவர் பிற்காலத்துக் கை எழுதியதை நீக்கத் தயங்குவது ஏன் என்று அன்று எனக்குப் புரிந்தது. என்றாலும் உள்ளதைச் சொல்கிறேன். முடிவெடுத்தது அறிவல்ல, சோம்பல். ஒரு கிழமை இரண்டாகி, மூன்றாகி, வளையம் அப்படியே நின்றுவிட்டது.

2014இல் அக்கா வந்தார். அத்தான் இறந்த பிறகு வந்த முதல் வருகை. கார் முற்றத்தில் நின்றது. நான் கொளுக்கிகளைக் காட்டினேன். தடவிப் பார்த்துச் சிரித்தார். மருமகன் அனுப்பிய படங்களைப் பற்றிப் பேசினார். பிறகு பொனற் திறந்திருந்ததைக் கண்டு, "இதென்ன தம்பி வளையம்?" என்று கேட்டார். போத்தல் வைக்கிற இடம் என்றேன். எதற்கு என்றார். சொன்னேன். சொல்லத் தொடங்கினால் அந்த இரவையும் சொல்லத்தானே வேண்டும்? இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தொலைபேசியில் நான் சொல்லாதது, அவர் கேட்காதது.

அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அம்மா எந்தப் பக்கம் தலை வைச்சுக் கிடந்தவ?"

"இடப்பக்கம்."

முன் இருக்கையை மடித்துவிடச் சொன்னார். எழுபதை நெருங்கும் வயதில் சிரமப்பட்டு உள்ளே ஏறினார். கலியாணத்தன்று எந்தப் பக்கம் இருந்தார் என்று எனக்கு நினைவில்லை. அன்று இடப்பக்கம் போய் அமர்ந்தார். மெக்கானிக் அண்ணை ஒன்றும் கேட்காமல் சாவியைத் திருப்பினார். பெற்றோல் பம்பு டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரி வரை போய் வந்தோம். போகும்போதும் வரும்போதும் ஒருவரும் பேசவில்லை.

கார் இன்றும் என் வளவில் நிற்கிறது. ஊர்க் கலியாணங்களுக்குக் கேட்பார்கள், கொடுப்பேன். கொளுக்கிகளில் மாலை கட்டுகிற பிள்ளைகளுக்கு வளையத்தைப் பற்றித் தெரியாது. கேட்டால் சொல்வேன். கேட்கும்வரை பொனற்றின் கீழே அது பத்திரமாக இருக்கும்.