நோயுற்றார் அருகே ஓர் இருக்கை
(கல்விக் கழக மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

செவிலியர் பயிற்சிக்கும் மருத்துவம் சார்ந்த பிற படிப்புகளுக்கும் செல்லவிருக்கும் நம் மாணவர்க்குச் சில சொற்கள் கூறுமாறு கழகச் செயலாளர் என்னைப் பணித்தார். நான் மருத்துவன் அல்லன், பள்ளி ஆசிரியன். ஆகவே மருந்தைப் பற்றிப் பேசாமல், மருந்து முடியும் இடத்தில் தொடங்கும் ஒரு பணியைப் பற்றிப் பேச விழைகிறேன். மேலை நாட்டு மருத்துவமனைகளிலும், நம் நாட்டில் கிறித்தவத் திருச்சபையினர் நடத்தும் மருத்துவமனைகளிலும் ‘சாப்ளின்’ என்றழைக்கப்படும் ஆன்மிகப் பணியாளர் ஒருவர் இருப்பார். அவர் கையில் ஊசி இல்லை. மருந்துச் சீட்டு எழுதும் உரிமையும் இல்லை. பின் அவர் ஆற்றும் பணிதான் யாது?

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து தருபவன் என்பன அவை. நான்காமவனுக்கு அவர் தரும் பெயர் ‘உழைச்செல்வான்’. உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக எண்ணியது நம் மரபு. அந்த நான்காம் உறுப்பைக் கண்ணும் கருத்துமாக ஆராய்ந்த ஒரு மனிதரின் வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

அமெரிக்க நாட்டில் 1876ஆம் ஆண்டு பிறந்தவர் ஆன்டன் பாய்சன். காடு வளர்ப்பியல் பயின்றார். பின்னர் இறையியல் கற்றுச் சமயப் பணியாளரானார். 1920ஆம் ஆண்டு, தம் நாற்பத்து நான்காம் வயதில், அவர் கடுமையான மனநோய்க்கு ஆளானார். ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் மனநல மருத்துவமனைகளில் அடைபட்டுக் கிடந்தார். கற்றவர், சொல்வன்மை உடையவர். எனினும் நோயாளி என்ற பெயர் வந்தவுடன் அவர் சொல்லுக்கு மதிப்பில்லாமற் போயிற்று. அங்கு அவர் ஓர் உண்மையைக் கண்டார். நோயாளி கூறும் அச்சங்களும் காட்சிகளும் அனைத்தும் வெறும் பிதற்றல்கள் அல்ல. வாழ்வின் பெருஞ்சிக்கல் ஒன்றைத் தீர்க்க உள்ளம் நடத்தும் போராட்டம் அவற்றுள் சிலவற்றில் மறைந்துள்ளது என்பதே அது.

1922இல் வெளிவந்தவர், அந்த உலகத்தை மறந்துவிட விரும்பவில்லை. மீண்டும் கல்வி கற்று, 1924இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆன்மிகப் பணியாளராக அமர்ந்தார். நோயாளியாய்ப் படுத்திருந்தவர், நோயாளிகளின் அருகே அமர்பவராகத் திரும்பிவந்தார்!

அவர் நடத்திய வகுப்பறையைப் பற்றி ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் வியந்து போற்றுகிறேன். 1925ஆம் ஆண்டுக் கோடையில் இறையியல் மாணவர் நால்வர் அவரிடம் பயிற்சிக்கு வந்தனர். அவர்கள் கையில் அவர் முதலில் நூல்களைக் கொடுக்கவில்லை. வார்டுகளில் உதவியாளர்களாகப் பணியாற்றச் செய்தார். நோயாளிக்கு உணவு கொடுத்தல், உடல் தூய்மை செய்தல், உடன் உலாவுதல் ஆகியவற்றைச் செய்துகொண்டே அவர்தம் சொற்களை அவர்கள் கேட்க வேண்டும். கேட்டதைப் பின்னர் எழுதி, கூடி ஆராய வேண்டும். நூல்களைப் பயில்வது போலவே ‘உயிருள்ள மனித ஏடுகளையும்’ பயில வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று பல நாடுகளில் மருத்துவமனை ஆன்மிகப் பணியாளர் பெறும் பயிற்சிக்கு வித்திட்டவை இத்தகைய முயற்சிகளே.

பாய்சன் முற்றும் நோய் நீங்கியவரும் அல்லர். 1930இலும் 1935இலும் நோய் அவரை மீண்டும் வருத்தியது. ஒவ்வொரு முறையும் அவர் மீண்டு வந்து பணியைத் தொடர்ந்தார், 1965இல் மறைந்தார். மனநோய்க்கு மருத்துவமும் மருந்தும் தேவை; அவற்றின் இடத்தை ஆறுதல் மொழி பிடித்துக்கொள்ள இயலாது. மருந்தோடு சேர்ந்து நடக்க வேண்டியது அது.

உடல்நோய்க்கும் இது பொருந்தும். இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரானவர், 1967இல் இறுதிநிலை நோயாளிகளுக்கென இலண்டனில் ஓர் இல்லம் நிறுவினார். உடல், மனம், சமூக வாழ்வு, ஆன்மா ஆகிய நான்கிலும் ஒருங்கே எழுவதே நோயாளியின் ‘முழு வலி’ என்று அவர் விளக்கினார். மாத்திரை முதல் வலியைத் தணிக்கும். “நான் செய்த பிழைக்கு மன்னிப்பு உண்டா? என் வாழ்வுக்குப் பொருள் இருந்ததா?” என்னும் வலிக்கு மாத்திரை ஏது?

இப்பணி மதம் பரப்பும் பணியன்று. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் இன்று கிறித்தவரோடு இசுலாமியர், இந்துக்கள் முதலிய பல சமயத்தாரும், சமயப் பற்றில்லாத மனிதநேயக் கொள்கையினரும் இப்பணியில் உள்ளனர். நோயாளி வேண்டினால் வேண்டுதல் செய்வர். வேண்டாவிடில் வாய்மூடி அமர்ந்திருப்பர். படுக்கையில் கிடப்பவர் எழுந்து செல்ல இயலாதவர். அவர்மீது தம் கொள்கையைத் திணிப்பது அறமாகாது என்பதே இப்பணியின் முதல் விதி.

அன்பர்களே! இதனை நான் ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல என் நா தயங்குகிறது, எனினும் சொல்கிறேன்.

1996ஆம் ஆண்டு என் தந்தையார் ஓர் அரசு மருத்துவமனையில் இறுதி நாட்களைக் கழித்தார். பிறர் நிலத்தில் உழைத்து என்னைப் பட்டதாரியாக்கியவர் அவர். ஒரு மாலை என் கையைப் பற்றி, “தம்பி, ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கினார். நானோ, “பேசாதீங்க அப்பா, டாக்டர் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்” என்று தடுத்துவிட்டு, மருந்து வாங்க ஓடினேன். அப்போது என் தமக்கையார், வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து, வெளித் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தார். மறுநாள் விடியுமுன் தந்தையார் காலமானார்.

வார்டைத் தூய்மை செய்யும் ஆயா ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். “தம்பி, ராத்திரி ஒங்கப்பா தூங்கல. நான் பக்கத்துல குந்தியிருந்தேன். பொம்பளப் புள்ளைய அஞ்சாவதோட நிறுத்திக் களையெடுக்க அனுப்பிட்டேன், அது என்னை மன்னிக்கணும்னு சொல்லிச் சொல்லி அழுதாரு” என்றார்.

இச்செய்தியைத் தமக்கையாரிடம் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “நான் வெளியிலதானே இருந்தேன் தம்பி. எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே” என்றார். அச்சொல்லுக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை.

அந்த ஆயா நம் சேரியைப் போன்றதொரு சேரியிலிருந்து வந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். பாய்சன் தம் மாணவர்க்குக் கற்பிக்க முயன்ற பாடத்தை அவர் அவ்விரவில் நடத்திக் காட்டினார். பட்டம் பெற்ற நான் அந்த ஏட்டைத் திறக்க மறுத்தேன். அவர் திறந்து படித்தார். அவருக்கு மருத்துவமனை கொடுத்தது துடைப்பமும் வாளியும். அவர் ஆற்றிய பணிக்கோ அங்குப் பெயரில்லை, ஊதியமும் இல்லை. தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் செய்துவரும் இத்தகைய அருந்தொண்டுகள் கணக்கில் ஏறாமலே போயின.

மாணவச் செல்வங்களே! இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக உங்களைப் படிக்கவைத்தது, துடைப்பத்தை விட்டு ஊசியையும் மருந்துச் சீட்டையும் உங்கள் கை பற்ற வேண்டும் என்பதற்காகவே. அதில் எனக்கு அளவிலாப் பெருமை உண்டு. ஆனால் ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்கிறேன். அந்த ஆயாவின் செவியைப் பின்னே விட்டுச் செல்லாதீர்கள். நோயாளி, “ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கும்போது, ஓர் இருக்கையை இழுத்துப் போட்டு அமருங்கள். அறிவுரை கூற வேண்டா. “சொல்லுங்கள் ஐயா, சொல்லுங்கள் அம்மா” என்று மட்டும் கூறுங்கள். அவர் யாரிடம் பேச விரும்புகிறாரோ அவர் வெளித் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தால், எழுந்து சென்று அவரை உள்ளே அழைத்து வாருங்கள்.