தோழமை நாட்டுக்கு ஒரு பயணம்

ஒரு நாட்டின் தலைவர் மற்றொரு நாட்டுக்குச் செல்லும்போது, மாலையையும் விருந்தையும்தான் நாம் பத்திரிகையில் காண்கிறோம். அதற்கு முன் நடக்கும் வேலை நம் கண்ணுக்குப் படுவதில்லை. நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு எடுத்துச் செல்லும் முன்பே பெரியவர்கள் போய்ப் பேசி முடிக்கிறார்கள் அல்லவா? அரசாங்கப் பயணங்களும் அப்படித்தான். யார் செல்வது, எதைப் பேசுவது, எதில் கையொப்பமிடுவது என்பவை முன்கூட்டியே தீர்மானிக்கப்படும்.

ஒரே கொள்கையுடைய பொதுவுடைமை அரசுகளுக்கு இந்த ஏற்பாடெல்லாம் வேண்டுமா? 1949-இல் சீனத் தலைவர் மாவோ மேற்கொண்ட மாஸ்கோ பயணம் இதற்கு விடை தருகிறது.

சீனாவில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலேயே மாவோ மாஸ்கோ செல்ல விரும்பினார். சோவியத் தலைவர் ஸ்டாலின் அதைத் தள்ளிப் போட்டார். 1949 தொடக்கத்தில் தம் மூத்த தோழர் மிக்கோயானை இரகசியமாக மாவோவிடம் அனுப்பினார். அவ்வாண்டின் நடுவில் சீனாவின் லியு ஷாவ்சி மாஸ்கோ சென்று பேசினார். அக்டோபர் முதல் நாள் மக்கள் சீனக் குடியரசு பிறந்தது. டிசம்பர் 21-இல் ஸ்டாலினின் 70-ஆம் பிறந்த நாள் விழா. பயணத்துக்கு அது நல்ல வேளையாக அமைந்தது.

டிசம்பர் 16-இல் மாவோவின் இரயில் மாஸ்கோவை அடைந்தது. மரியாதையில் குறைவில்லை. ஆனால் முக்கியமான கேள்வி தீராமலே இருந்தது. 1945-இல் சோவியத் அரசு, மாவோவின் எதிரியான சியாங் கை ஷேக்கின் அரசுடன் ஓர் உடன்படிக்கை செய்திருந்தது. மஞ்சூரியாவின் இரயில் பாதையிலும் போர்ட் ஆர்தர் துறைமுகத்திலும் அது சோவியத்துக்கு உரிமைகள் தந்தது. மாவோ புதிய உடன்படிக்கை வேண்டினார், ஸ்டாலின் தயங்கினார். பயணத்தின் பலன் பார்க்க அழகாகவும் உண்ணச் சுவையாகவும் இருக்க வேண்டுமென்று மாவோ சொன்னதாக அவருடைய மொழிபெயர்ப்பாளர் பின்னர் எழுதினார். விருந்தினர் வாரக்கணக்கில் காத்திருந்தார்.

ஜனவரித் தொடக்கத்தில் ஸ்டாலின் இணங்கினார். பிரதமர் சௌ என்லாய் 20-ஆம் நாள் வந்து சேர்ந்து, விவரங்களைப் பேசினார். 1950 பிப்ரவரி 14-இல் புதிய உடன்படிக்கை கையொப்பமாயிற்று. தாக்குதல் நேர்ந்தால் ஒருவருக்கொருவர் உதவுவது என்பது அதன் சாரம். ஆண்டுக்கு ஒரு விழுக்காடு வட்டியில் 30 கோடி டாலர் கடனும் கிடைத்தது.

30 ஆண்டுகளுக்கென எழுதப்பட்ட உடன்படிக்கை அது. 1969-இலோ இரு நாட்டுப் படைகளும் எல்லையில் மோதிக்கொண்டன. 1980-இல் உடன்படிக்கை புதுப்பிக்கப்படாமலே முடிந்தது.

கொள்கை ஒன்றானாலும் ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் தேவை உண்டு. அதை முன்னரே மனம்விட்டுப் பேசுவதுதான் நல்ல பயணத்தின் முதல் ஏற்பாடு. இனிச் செய்தியில் தலைவர்கள் கைகுலுக்குவதைக் காணும்போது, அவர்கள் எதில் கையொப்பமிட்டார்கள், எதைப் பேசாமல் விட்டார்கள் என்பதையும் நாம் கேட்டறிவோமாக.